அட்டையில் 6/6, புத்தகத்தில் ஏன் வரி தவறுகிறது?
மல்லாவி அம்மாவுக்கு: பத்து வயது மகளுக்குச் சுவர் அட்டையில் 6/6 (பார்வை சரி), வாசிக்கும்போது மட்டும் வரி தவறித் தலையிடிக்கிறது என்கிறீர்கள். அந்த அட்டை தூரப் பார்வையைத்தான் அளக்கும். பென்சில் நுனியை அவள் மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவாருங்கள். நான்கு விரல் அகலத்துக்கு அப்பாலேயே நுனி இரண்டாகிறதா, ஒரு கண் வெளியே விலகுகிறதா? கண்கள் குவிவதில் குறை இருக்கலாம். என் மகனுக்கும் இதுதான்; பள்ளியில் சோம்பேறிப் பட்டம் வேறு!

இதற்குக் கண் பயிற்சி உண்டு. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இந்தக் குறை உள்ளவர்களில் வாராவாரம் சிகிச்சையறையிலும் மிச்ச நாளில் வீட்டிலும் 12 வாரம் பயின்ற பிள்ளைகளில் 73 சதவீதத்தினருக்குப் பலன் கிடைத்தது. வீட்டில் பென்சிலோடு மட்டும் பயின்றவர்களில் 43. கிளிநொச்சிக் கண் கிளினிக்கில், கிட்டே பார்க்கும்போது கண்கள் குவிகின்றனவா என்று சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்துக்கூட்டவே திணறுகிறாள் என்றால் அது வேறு. டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதைக் கண் பயிற்சி தீர்க்காது, அதற்குக் காசைக் கொட்டாதீர்கள்.