பூட்டிய வீட்டுக்கு எத்தனை குடம் தண்ணீர்?

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை. தரவுப் பயிற்சிக்கு அனுப்பப்போகிறார்கள். பைத்தான் நிரல்மொழி படித்தே ஆகவேண்டுமா? (தேவகோட்டை வாசகர்)

இப்போதைக்கு வேண்டாம். எக்செல்லில் பிவட் டேபிள் (தரவை வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) கைவந்தாலே உங்கள் மேசைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

வீட்டு எண்ணிக்கையை வைத்துக் குடிநீர்த் தேவையைக் கணக்கிடுகிறோம். சரிதானா? (கானாடுகாத்தான் பக்கத்து ஊராட்சி ஊழியர்)

நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் சரிவராது. இருநூறு வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஜல் ஜீவன் திட்டப்படி ஆளுக்கு 55 லிட்டர் என்று வைத்தால் நாளுக்கு 44,000 லிட்டர். அதில் எண்பது வீடு பூட்டிக் கிடந்தால் 26,400 போதும். அப்புறம், நம் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இரண்டு தெருவுக்கும் இரண்டு பேர் கணக்கெடுக்கப் போனால் ஒரே வீடு இரண்டாகப் பதிவாகலாம். உள்ளே போனால் வளவை (உள்முற்றத்தை) சுற்றிய அறை ஒவ்வொன்றும் ஒரு பங்காளிக்கு. பின்கட்டில் காவலுக்கு ஓர் ஆச்சி மட்டும் இருப்பார்.

வீடு, குடும்பம், ஆள் மூன்றும் வேறு வேறு. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) இதை எப்போதோ தெரிந்துவைத்திருந்தார்கள். கோயில் வரிக்கு அவர்கள் வீட்டை எண்ணவில்லை, புள்ளியைத்தான் எண்ணினார்கள்: தம்பதி ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி. எதற்காக எண்ணுகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்த கணக்கு அது. பயிற்சிகளில் நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

26,400-ஐயும் அப்படியே எழுதிவிடாதீர்கள். படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு), கல்யாணம் என்றால் பூட்டிய வீடெல்லாம் திறக்கும். சாதாரண நாளுக்கு ஒன்று, அந்த நாட்களுக்கு ஒன்று என இரண்டு கணக்கு வேண்டும். 2011 சென்செஸோடு நிற்காமல், ஒரு நாள் சாயங்காலம் தெருவில் நடந்து எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பயிற்சி முடித்து வந்தேன். நான் போடும் வரைபடங்களை மேலதிகாரி பார்ப்பதே இல்லை. (காரைக்குடி வாசகி)

உங்கள் மேல் தப்பில்லை அம்மா. பகுப்பாய்வு செய்பவரை மட்டும் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, கையெழுத்துப் போடுபவரை விட்டுவிடுகிறார்கள். இருவரும் ஒரே மேசையில், நிலுவையில் உள்ள ஒரு கோப்போடு உட்கார வேண்டும் என்று நான் கேட்காத இடமில்லை. அதுவரை பன்னிரண்டு வரைபடம் வேண்டாம். அவர் இந்த வாரம் எடுக்கவேண்டிய ஒரு முடிவு, அதற்கு ஓர் அட்டவணை, கீழே உங்கள் பரிந்துரை இரண்டு வரி. ஒரே பக்கம் போதும்.

பயனாளிகள் பட்டியலை ஆதார் எண்ணோடு வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? (பள்ளத்தூர் வாசகர்)

கூடவே கூடாது. ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றைக்கே நீக்கிவிட்டு, மேலதிகாரியிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.