தூங்கும்போது லைன் வீட்டுச் சுவர் விழுந்தாலும் இழப்பீடு உண்டு

கேள்வி: அம்மா (வயது 45) வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். நிர்வாகம் கொடுத்த லைன் வீட்டில்தான் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) இருக்கிறார். போன மாதம் ராத்திரி மழையில் பின்சுவர் சரிந்து அவர் கால் முறிந்துவிட்டது. “வேலை நேரத்தில் நடக்கவில்லை, மழைக்கு நாங்கள் என்ன செய்வது?” என்கிறார்கள். இழப்பீடு கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். வேறு தொழிலாக இருந்தால் ‘வேலை நேரம்’ என்ற வாதத்துக்கு ஓரளவு மதிப்பு உண்டு. தோட்டத் தொழிலுக்கு அது எடுபடாது. நிர்வாகம் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளிக்கோ அவர் குடும்பத்தாருக்கோ காயமோ மரணமோ நேர்ந்தால் முதலாளிதான் இழப்பீடு தரவேண்டும். 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 16ஏ பிரிவாக இருந்தது இது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 75-வது பிரிவு.

இதற்கு விலக்கு இரண்டே. ஒன்று, குடியிருப்பவரின் தவறு. மற்றது, இயற்கைப் பேரிடர். நிர்வாகம் பிடித்துக்கொள்வது இரண்டாவதை. ஆனால் சட்டம் வெறுமனே ‘பேரிடர்’ என்று நிறுத்தவில்லை. இடிந்ததற்கு அது மட்டுமே நேரடிக் காரணமாக இருக்க வேண்டும் என்கிறது. வால்பாறையில் மழை பெய்வது அதிசயமா என்ன? சுவரில் முன்பே விரிசல் இருந்து, சொல்லியும் பூசாமல் விட்டிருந்தால், பழியை மழைமேல் மட்டும் போட முடியாது.

ஆகவே வழக்கின் உயிர் அந்த விரிசலில்தான் இருக்கிறது. பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பேத்தியின் பிறந்தநாள் படத்தில் பின்னால் தெரியும் சுவர்கூட உதவும். ரிப்பேர் கேட்டு எழுதிக் கொடுத்த மனு, தொழிற்சங்கம் அனுப்பிய கடிதம், பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி எல்லாம் வேண்டும். இடிபாட்டை அள்ளுவதற்குள் செல்போனில் படம் எடுத்திருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் ‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுதிவிட்டார்களா என்று உடனே பாருங்கள். வீட்டுக்குள் வழுக்கி விழுந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது. வீடோ சுவரோ இடிந்திருக்க வேண்டும்.

தொகை எவ்வளவு? கால் கூடி மறுபடி வேலைக்குப் போய்விட்டால், வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு 15 நாளுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். நிரந்தரமாக முழு ஊனம் என்றால் மாதச் சம்பளத்தின் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் (சட்ட அட்டவணையில் ஒவ்வொரு வயதுக்கும் உள்ள எண்) பெருக்குவார்கள். 45 வயதுக்கு அது 169.44. சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்தால் 12,19,968 ரூபாய் வரும். பகுதி ஊனம் என்றால், சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனதோ அந்த அளவுக்கு. அதனால் எலும்பு முறிவு டாக்டரின் சான்று இல்லாமல் எந்தத் தொகைக்கும் தலையாட்டாதீர்கள். ‘ஐயாயிரம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்’ என்று யாராவது வந்தால், பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டு சங்கத்தில் காட்டுங்கள்.

பழைய சட்டத்தில் இழப்பீட்டு மனு கொடுக்க, வீடு இடிந்ததிலிருந்து 6 மாதக் கெடு இருந்தது. இப்போதும் அதையே கெடுவாக நினைத்து, கோவை தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள்.