லெஃப்காரா பூத்தையல்: வாங்குமுன் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: அடுத்த மாதம் ஒரு வாரம் சைப்ரஸ் போகிறோம். லெஃப்காரா லேஸில் ஒரு மேசை விரிப்பு வாங்க ஆசை. போலியும் நிறைய விற்பதாகச் சொல்கிறார்கள். அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? வேறு என்ன வாங்கலாம்?

பதில்: எல்லோரும் லேஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் லெஃப்காரா என்ற ஊரின் இந்தக் கைவேலை, அதாவது லெஃப்காரிடிகா, லினன் துணியின் மேலேயே செய்கிற பூத்தையல். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். லேஸ் என்பது வெறும் நூலிலிருந்து பின்னி எடுப்பது. இங்கே முதலில் துணி இருக்கிறது. தைக்கிற பெண் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணி, சிலவற்றை வெட்டி உருவிவிடுவார். மிச்சம் நிற்கும் இழைகளை ஊசிநூலால் சுற்றி இறுக்கிச் சின்னச் சின்ன ஜன்னல்களாக்குவார். அதனால் ஜன்னல்களின் ஓரங்கள் எல்லாம் ஊடும் பாவும் போகிற வழியிலேயே போகும்.

கடையில் துணியை வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஒரு ஜன்னலின் கம்பியைக் கண்ணால் தொடருங்கள். அது நேரே துணிக்குள் போய் நெசவோடு கலக்க வேண்டும். மெஷின் வேலையில் ஓட்டை, நெசவுக்குச் சம்பந்தமில்லாமல் கோணலாக விழுந்திருக்கும். ஓரத்தில் தடிப்பாக நூல் அடித்திருப்பார்கள், அதன் அடியில் வெட்டிய பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். சரி, இப்போது திருப்புங்கள். நல்ல லெஃப்காரா வேலையில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சட்டென்று சொல்ல முடியாது. முடிச்சு தெரியாது, ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாவும் நூல் இருக்காது. நான் முதல் தடவை போனபோது கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் திருப்பிப் பார்க்காமலே வாங்கிவிட்டேன். விடுதி அறையில் பிரித்தால் பின்பக்கம் முழுக்கத் தாவல் நூல். அன்றிலிருந்து முதலில் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

துணியையும் கையில் கசக்கிப் பாருங்கள். லினன் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், கசக்கினால் சுருக்கம் அப்படியே நிற்கும், இழை அங்கங்கே தடித்தும் மெலிந்தும் ஓடும். வழவழப்பாக, சுருங்காமல் நழுவினால் பாலியெஸ்டர் கலப்பு என்று சந்தேகப்படுங்கள். நிறம் வெள்ளை, சந்தனம், பழுப்பு, இவ்வளவுதான். வளைந்து வளைந்து ஓடும் ஒரு வரிசைக்கு அங்கே ‘பொதாமோஸ்’, அதாவது ஆறு என்று பெயர். கடைக்காரரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் உற்சாகமாக விளக்குவார்.

‘கைவேலையா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. வெளிநாட்டிலிருந்து வரும் கைவேலையும் அங்கே விற்பனைக்கு இருக்கிறது. ‘இந்த ஊரில் தைத்ததா, யார் தைத்தது?’ என்று கேளுங்கள். லியொனார்டோ டா வின்சி 1481-இல் இங்கே வந்து மிலன் தேவாலயத்துக்கு ஒரு விரிப்பு வாங்கிப் போனார் என்ற கதையும் காதில் விழும். அது ஊர்க்கதை, அதற்காக விலை கூட்டித் தர வேண்டாம். 2009-இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது உண்மை.

கூடுமானவரை ஊருக்கே போய்விடுங்கள். பானோ லெஃப்காரா, லார்னகா நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், த்ரோதோஸ் மலையின் தெற்குச் சரிவில் இருக்கிறது. பெண்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு மடியில் வைத்துத் தைப்பதைப் பார்க்கலாம். முதலில் அங்குள்ள பூத்தையல் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பழைய வேலையைப் பார்த்த கண்ணுக்குக் கடையில் ஏமாறுவது கஷ்டம்.

விலை விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய மேசை விரிப்பு பல மாத உழைப்பு. அது மலிவாகக் கிடைத்தால், அது அதுவல்ல. பணம் போதவில்லையென்றால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன அசல் விரிப்பு வாங்குங்கள், பெரிய போலி வேண்டாம். பேரம் பேசலாம், ஆனால் தைத்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பாதி விலைக்குக் கேட்காதீர்கள். அந்தக் கைகளுக்குப் பின்னால் வர இளையவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

மற்றவை சுருக்கமாக: அதே ஊரில் வெள்ளிக் கம்பிவேலை நகைகள் நன்றாக இருக்கும், வெள்ளியின் தரத்தைக் காட்டும் 925 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தின்பதற்கு சுஜூகோஸ் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நூலில் கோத்த பாதாமைக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் திரும்பத் திரும்ப முக்கித் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். கொமந்தாரியா இனிப்பு ஒயினும் கரோப் என்ற மரத்தின் காயிலிருந்து எடுக்கும் பாகும் திரவக் கணக்கில் வரும், பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியைக் கைப்பையில் விடமாட்டார்கள். பெரிய பெட்டியில், துணிகளுக்கு நடுவே வையுங்கள். அந்தத் துணிகளில் லெஃப்காரா விரிப்பு மட்டும் வேண்டாம். அதை மடிக்காமல் சுருட்டிக் கைப்பையில் கொண்டுவாருங்கள். வீட்டில் வெதுவெதுப்பான நீரில் கையால் அலசி, ஈரம் காயுமுன் மேலே ஒரு துணி போட்டு இஸ்திரி போட்டால் போதும்.