கைதட்டல் இருக்கட்டும், கம்பியைக் கொடுத்தீர்களா?

கேள்வி: நான் இயந்திரவியல் பொறியாளர். என்னோடு வேலை செய்யும் மூன்று பெண்களையும் அழைத்துக்கொண்டு இரண்டு வருடமாகப் பள்ளிகளுக்குப் போகிறேன். மாணவிகள் அறிவியலும் பொறியியலும் படிக்க வேண்டும் என்று பேசுகிறோம். நன்றாகக் கைதட்டுகிறார்கள். ஆனால் மேல்வகுப்பில் பாடப்பிரிவு எடுக்கும்போது பெரும்பாலோர் வேறு பக்கம் போய்விடுகிறார்கள். "விருப்பம் இல்லாதவர்களை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று என் மேலதிகாரி கேட்கிறார். அவர் சொல்வதுதான் சரியோ? (ஒரு வாசகி)

பதில்: சரியில்லை. ஆனால் உங்கள் முயற்சியிலும் ஒரு கோளாறு இருக்கிறது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் மேலதிகாரிக்கு. விருப்பமின்மை பிறவியிலேயே வருவது என்றால் அது வயதோடு வளரக் கூடாது. 1966 முதல் 1977 வரை ஏறத்தாழ 5,000 குழந்தைகள் வரைந்த விஞ்ஞானிப் படங்களை டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் திரட்டினார். அவற்றில் பெண் விஞ்ஞானி இருந்தவை வெறும் 28. அந்த 28-ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள். அதன் பிறகு நிலைமை மேம்பட்டது உண்மை. அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளாக நடந்த இத்தகைய ஆய்வுகளை 2018-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஆறு வயதுச் சிறுமிகள் வரைந்த விஞ்ஞானிகளில் ஏறக்குறையப் பத்தில் ஏழு பேர் பெண்கள். பதினாறு வயதுப் பெண்களோ நான்கில் மூன்று பங்கு ஆண்களையே வரைந்திருந்தார்கள். நடுவில் இருப்பது பத்து வருடப் பள்ளிக்கூடம், வீடு, பாடப்புத்தகம். அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது உங்களுக்கு. நீங்கள் போகும்போது அந்தப் பிள்ளைகளுக்குப் பதினான்கு, பதினைந்து வயது. முக்கால் மணி நேரம் பேசுகிறீர்கள், படம் எடுத்துக்கொள்கிறீர்கள், திரும்பிவிடுகிறீர்கள். இத்தனை வருடம் ஊறியது ஒரு மேடைப் பேச்சில் கரையுமா?

ஒரு பள்ளி ஆய்வகத்தில் நான் கண்ணால் கண்டது இது. மின்காந்தம் செய்யும் வகுப்பு. நான்கு பேருக்கு ஓர் ஆணி, மின்சாரத்தைத் தடுக்கும் எனாமல் பூசிய கொஞ்சம் செம்புக் கம்பி, ஒரு பேட்டரி. இரண்டு பையன்கள் கம்பியைச் சுற்றினார்கள். ஒரு மாணவி குறிப்பேட்டில் படம் வரைந்தாள், இன்னொருத்தி அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குண்டூசி ஒட்டவில்லை. பேட்டரியை மாற்றினார்கள், அப்போதும் ஒட்டவில்லை. படம் வரைந்தவள் மெல்லச் சொன்னாள்: "முனையைச் சுரண்டலையே." யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு ஆசிரியர் வந்து பிளேடால் இரண்டு முனையிலும் எனாமலைச் சுரண்டினார், ஊசிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டன. பையன்களை முதுகில் தட்டிக்கொடுத்தார். பழுதைக் கண்டுபிடித்த பிள்ளை குனிந்து முடிவை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கையெழுத்து அழகாக இருக்குமாம், அதனால் எழுதுகிற வேலை எப்போதும் அவளுக்குத்தானாம். ஆசிரியரே பெருமையாகச் சொன்னார். எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

அந்தப் பிள்ளை நாளைக்குப் பொறியியல் வேண்டாம் என்றால், அதை விருப்பமின்மை என்று எழுதிவைப்பதா?

ஆகவே அடுத்த முறை பேச்சைப் பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். ஆளுக்கு ஓர் ஆணி, ஆளுக்கு ஒரு கம்பி கொடுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் குழுவுக்குள் வேலையை மாற்றி மாற்றிக் கொடுங்கள். எழுதியவள் சுற்றட்டும், சுற்றியவன் எழுதட்டும். ஊசி ஒட்டாதபோது ஓடிப்போய்ச் சரிசெய்யாதீர்கள். ஏன் ஒட்டவில்லை என்று அவளிடமே கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஐந்தாம், ஆறாம் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள். பத்துப் பள்ளிக்கு ஒரு தடவை போவதைவிட ஒரே பள்ளிக்குப் பத்துத் தடவை போங்கள்; மூன்றாவது தடவைதான் உங்களிடம் கேள்வி கேட்கும் துணிச்சலே வரும். ஒரு தடவையாவது பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள், ஏனென்றால் பாடப்பிரிவை முடிவு செய்வது பல வீடுகளில் அவர்கள்தான்.

மேரி கியூரியைப் பற்றி நீங்கள் நிச்சயம் பேசியிருப்பீர்கள். 1903, 1911 என்று இரண்டு நோபல் பரிசை மட்டும் சொன்னால் அவர் எட்டாத உயரத்தில் நின்றுவிடுவார். ஒழுகும் கொட்டகையில், ஏறக்குறையத் தன் உயரமே இருந்த கனத்த இரும்புக் கம்பியால் கொதிக்கும் தாதுக் கலவையை அவர் நாள் முழுக்கக் கிண்டியதைச் சொல்லுங்கள். கூடவே நீங்கள் வரைந்து தப்பாகிப்போன முதல் வரைபடத்தையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். எந்த அளவில் பிசகியது, யார் கண்டுபிடித்தார், எப்படித் திருத்தினீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

கைதட்டல் இந்தத் தடவை குறைவாகத்தான் இருக்கும், எல்லோர் கையிலும் கம்பி இருக்குமே. முதலில் முனையைச் சுரண்டியது யார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.