விளக்கை அணைத்தால் தூக்கம் வராத மாமா

அன்புள்ள ஐயா,

என் தாய்மாமா பாளையங்கோட்டை மத்திய சிறையில் 11 ஆண்டுகளாக இருக்கிறார். இன்னும் சில மாதங்களில் விடுதலை. போன முறை பரோலில் வந்தபோது, விளக்கை அணைத்தால் தூக்கம் வரவில்லை என்றார். டீக்கடைக்குப் போகக்கூட என் பத்து வயது மகனிடம் ‘போயிட்டு வரட்டுமா’ என்று கேட்டார். உள்ளே தையல் கற்றிருக்கிறார். அது போதுமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வேண்டாம்), திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

போதாதம்மா. இத்தனை வருடமாக எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது என்று எதையுமே அவர் முடிவு செய்ததில்லை. விட்டுப்போன அந்தப் பழக்கம் தையல் மிஷினில் திரும்பி வராது.

ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் சாங்கானேரில் 1963-ல் தொடங்கிய திறந்தவெளிச் சிறை ஒன்று இருக்கிறது. அப்போதைய ராஜஸ்தான் ஆளுநர் சம்பூர்ணானந்தின் பெயரில் அமைந்தது. கொலைக்கு ஆயுள் தண்டனை பெற்றவர்கள்கூட அங்கே மனைவி மக்களோடு குடியிருக்கிறார்கள். பகலில் ஊருக்குள் போய் வேலை பார்க்கிறார்கள், மாலையில் கணக்கெடுப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். சம்பாதித்துத்தான் சாப்பிட வேண்டும். அன்றாட நிர்வாகத்தை அவர்களே தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து கவனிக்கிறது. அங்கே தண்டனை முடியும் நாளில் ஒருவருக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கும், நம்பிக் கடன் கொடுக்கும் மளிகைக்கடைக்காரர் ஒருவர் இருப்பார். விடுதலைக்குத் தயார்ப்படுத்துவது என்று நான் இதைத்தான் சொல்வேன்.

இங்கே சிறைத்துறையின் ஃப்ரீடம் பெட்ரோல் பங்குகள் எனக்குப் பிடிக்கும். அங்கே கைதி வெளி ஆட்களிடம் பேசுகிறார், பணம் எண்ணுகிறார். ஆனால் அந்த இடம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எனவே சாங்கானேரை உங்கள் வீட்டில் கொஞ்சமாவது நடத்திப் பாருங்கள்.

நீங்கள் பரோல் என்று சொல்வது, தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளில் வரும் விடுப்பு. இன்னொரு முறை தகுதி இருந்தால் மனுப் போடுங்கள். அந்த நாட்கள் உறவினர் விருந்திலேயே போய்விட வேண்டாம். ஆதார், வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டையில் பெயர், மூன்றுக்கும் அவரையே வரிசையில் நிற்க விடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். கைதிகளின் மறுவாழ்வுக்கு உதவும் நன்னடத்தை அலுவலரை இப்போதே பாருங்கள். விடுதலையானோருக்கான உதவிச் சங்கம் வழியாகச் சிறுதொழிலுக்கு உதவி கேட்கவும் அவர் வழிகாட்டுவார்.

அப்புறம், விளக்கு. அது கொஞ்ச நாள் எரியட்டும், யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் மறுபடி அனுமதி கேட்டால், காசை அவர் கையில் கொடுத்து, ‘தாத்தா, வரும்போது பால் பாக்கெட் வாங்கிட்டு வாங்க’ என்று உங்கள் மகனைச் சொல்லச் சொல்லுங்கள்.