சப்டைட்டில் போட்டால் மட்டும் படம் திக்குகிறது: பிளெக்ஸ் பாஸ் வாங்கலாமா?

உங்கள் லேப்டாப்பிலுள்ள படங்களை டிவி, போனுக்கு அனுப்பும் சர்வர் மென்பொருள்தான் பிளெக்ஸ்; பாஸ் அதன் கட்டணச் சந்தா. இதற்காக அதை வாங்க வேண்டாம். சப்டைட்டில் இல்லாமல் 4கே படம் சீராக ஓடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் அந்தச் சப்டைட்டில் பிஜிஎஸ் வகையாக இருக்கலாம். அதில் எழுத்தே இமேஜ்தான். அதைப் பதிக்க சர்வர் வீடியோ முழுவதையும் மறுபடி என்கோட் செய்கிறது. உங்கள் பழைய லேப்டாப்புக்கு அது தாங்காது.

படம் ஓடும்போதே பிளெக்ஸ் டாஷ்போர்டைப் பாருங்கள். வீடியோ வரியில் ‘டிரான்ஸ்கோட்’ (மறுபடி என்கோட் செய்வது) என்றிருந்தால் அதேதான். எழுத்தாகவே இருக்கும் எஸ்ஆர்டி சப்டைட்டில் கோப்பைப் படத்தின் பெயரிலேயே பக்கத்தில் வைத்து, அதைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறமும் திக்கினால், பிளெக்ஸ் போலவே வேலை செய்யும் இலவச மென்பொருளான ஜெல்லிஃபின் போட்டுப் பாருங்கள். பிளெக்ஸ் காசு கேட்கிற ஹார்டுவேர் டிரான்ஸ்கோடிங் (கிராஃபிக்ஸ் சிப்பை வைத்து என்கோட் செய்வது) அதில் இலவசம். செட்டிங்கில் நாம்தான் ஆன் செய்ய வேண்டும்.

வெளியூரிலிருந்து பார்ப்பதென்றால் கணக்கு வேறு. 2025 ஏப்ரல் முதல் பிளெக்ஸ் அதற்கும் கட்டணம் கேட்கிறது. ஜெல்லிஃபினில், வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்கில் சேர்வதற்கான விபிஎன் வேலை உங்கள் தலையில். அதை ஊரிலிருக்கும் அப்பாவுக்குப் போனில் விளக்குவது தனிக் கதை.