வட்டார அளவில் பறவை ஆய்வு செய்பவர்களுக்குத் தரும் விருதுகளால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த குறிப்பையும் படித்தேன். பல வருடமாக ஒரே பகுதியின் பறவைகளைக் குறித்துவரும் ஒரு பெரியவரை விருதுக்குப் பரிந்துரைக்க உங்கள் குழு நினைக்கிறது. 'பலகை வாங்கி அலமாரியில் வைத்தால் பறவைக்கு என்ன லாபம்?' என்று உங்களுக்குச் சந்தேகம். பரிந்துரைக் கடிதம் எழுதும் வேலை அநேகமாக உங்கள் தலையில் விழுந்திருக்கும். என் தலையிலும் ஒருமுறை விழுந்தது.

நான் பறவையியலாளன் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் வடக்கே கணினி வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறில் பைனாகுலரோடு திரிகிற ஆள். 'விருதைப் பற்றிப் பேச நீ யார்?' என்று கேட்கக் காத்திருப்பவர்கள் இதையே பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கன் பேர்டிங் அசோசியேஷன் என்ற பறவை பார்ப்போர் சங்கம் தரும் விருதுகளில் ஒன்று லட்லோ கிரிஸ்கம் பெயரில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட பகுதியின் பறவைகளைப் பற்றிய அறிவை வளர்த்தவர்களுக்கென்றே உள்ள விருது அது. கிரிஸ்கம் (1890–1959) இளைஞராக இருந்த காலத்தில் பறவையைச் சுட்டுக் கையில் எடுத்தால்தான் அது இன்ன இனம் என்று பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள். தூரத்தில் நின்று பார்த்தே உறுதியாகச் சொல்லலாம் என்று காட்டிய முன்னோடி அவர். அவர் பெயரில் உள்ள விருது, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்களுக்குப் போவது எனக்குச் சரியாகவே படுகிறது.

எங்கள் வட்டாரப் பறவை மன்றமும் இதே போலச் சிறியதாக ஒரு விருது தரும். மரப்பலகை, கைதட்டல், காபி. அவ்வளவுதான்.

நான் எழுதியது பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவருக்காக. சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர் 1966இல் தொடங்கிய கூடுகட்டும் பறவைக் கணக்கெடுப்பில் எங்கள் பக்கத்துத் தடம் ஒன்றை முப்பது வருடத்துக்கு மேல் அவர்தான் பார்த்தார். தெரியாதவர்களுக்காக: ஒரு தடம் என்பது இருபத்து நாலரை மைல், ஐம்பது நிறுத்தம். ஒவ்வொன்றிலும் மூன்றே நிமிடம் நின்று, கேட்டதையும் பார்த்ததையும் எழுத வேண்டும். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்னால் ஆரம்பிக்க வேண்டும். வடஅமெரிக்காவில் 1970க்குப் பிறகு ஏறத்தாழ முந்நூறு கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் ஒரு செய்தி வந்ததே, அதற்கு ஆதாரமாக இருந்தவற்றில் இப்படிச் சாலையோரம் நின்றவர்களின் கணக்கு முக்கியமானது.

என் முதல் கடிதம் திரும்பி வந்தது. வெளியான கட்டுரைகள் எத்தனை, கண்டுபிடித்த அரிய பறவைகள் எத்தனை என்று கேட்டிருந்தார்கள். இரண்டுமே சொல்லும்படி இல்லை. எனக்குக் கோபம். அவரிடம் போய் நின்றேன். மனிதர் ஒன்றும் பேசாமல் நிலவறையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். உள்ளே முழுக்கக் குறிப்பேடுகள்.

விப்-பூர்-வில் என்று ஒரு பறவை. நம்மூரில் பக்கி என்று சொல்லும் இரவுப் பறவையின் உறவு. நிலா வெளிச்ச இரவில்தான் நன்றாகக் கூவும். ஒவ்வொரு மே மாதமும் நிலா வளர்ந்ததும் அதே பன்னிரண்டு இடங்களில் வண்டியை நிறுத்திக் காது கொடுத்திருக்கிறார். எண்பதுகளின் பக்கங்களில் ஏழெட்டு இடங்களில் குரல். பிறகு மூன்று. பிறகு ஒன்று. அப்புறம் வருடக்கணக்கில் வெறும் பூஜ்யங்கள். ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் தேதி, நேரம், காற்று, மேகம். கிடைக்கவில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு மனிதர் போய் நின்றிருக்கிறார். அரிய பறவையைத் தேடி நானூறு மைல் ஓட்டுகிறவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். இப்படி ஒருவரைத் தெரியாது.

இரண்டாவது கடிதத்தில் புகழ்ச்சி ஒரு வரி கிடையாது. அந்தப் பூஜ்யப் பக்கங்களைப் படியெடுத்து வைத்தேன். விருது கிடைத்தது.

ஆனால் பயன் என்று நான் சொல்ல வருவது விருதை அல்ல. கடிதத்துக்காக அந்தப் பக்கங்களைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும், பறவை பார்த்த குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் இணையதளத்தில் பழைய பட்டியல்களாக ஏற்றினேன். 2020 முதல் 2024 வரை நடந்த மாநிலத்தின் மூன்றாவது பறவை அட்லஸ் பணியில், அதாவது எந்தப் பறவை எங்கே கூடுகட்டுகிறது என்று வரைபடமாக்கும் வேலையில், எங்கே போய்க் காது கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னதே அந்தப் பன்னிரண்டு இடங்கள்தான். விருது என்று ஒன்று இல்லாவிட்டால் அந்தப் பெட்டியை யாரும் திறந்திருக்க மாட்டோம். வீடு காலிசெய்யும் நாளில் குப்பைக்குப் போயிருக்கும்.

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தத் தடத்தை இப்போது நான்தான் பார்க்கிறேன். அவர் பார்த்த காலத்தில் வீட்டுக்காரர்கள் வெளியே வந்து காபி கொடுத்தார்களாம். நான் நின்றால் காவல்துறைக்குப் போன் போகிறது. இரண்டு வருடத்தில் மூன்று முறை. அதிகாலை, பைனாகுலர், என் நிறம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசுவார். அதற்குள் என் மூன்று நிமிடம் போய்விடும், அந்த நிறுத்தத்தின் கணக்கும் கெட்டுவிடும். 'எல்லோரையும் அப்படித்தான் கேட்பார்கள்' என்று யாரும் தயவுசெய்து எனக்கு விளக்க வேண்டாம்.

விழாவன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாராட்டுரை வாசித்தவர், ஆர்க்டிக்கிலிருந்து வழிதவறி வந்த ஒரு வெண்ணிறக் கடற்காகத்தை முதலில் கண்டவர் இவர்தான் என்று பெருமையாகச் சொன்னார். பெரியவர் பாதியிலேயே எழுந்துவிட்டார். "அது நான் பார்த்ததில்லை. இறந்துபோன என் நண்பன் பார்த்தது. எனக்குக் காட்டினான், அவ்வளவுதான். திருத்திக்கொள்ளுங்கள்." அரங்கமே அமைதி. அந்த வரியை என் முதல் கடிதத்தில் எழுதியவன் நான்தான். யாரோ சொன்னதைக் கேட்டு, சரிபார்க்காமல் சேர்த்திருந்தேன். பலகையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர், "தேதியையும் தப்பாகப் போட்டிருக்கிறாய்" என்றார்.

ஆகவே எழுதுங்கள். அவர் நடமாடுகிற, காது கேட்கிற காலத்திலேயே எழுதுங்கள். அனுப்பும் முன் அவரிடமே ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள். பரிந்துரை ரகசியமாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தால், வீட்டில் அவர் மனைவியிடமாவது.